64 மைக்ரோவினாடிக்கு ஒரு நன்றி

அன்புள்ள மார்க்குஸ் ஹீயென்காரி அவர்களுக்கு,

நீங்கள் பின்லாந்துக்காரர், தமிழ் படிக்க மாட்டீர்கள். அந்தத் தைரியத்தில்தான் மனம்விட்டு எழுதுகிறேன். படிக்கப்போகிறவர்கள் என்னைப் போலப் பரணில் ஒரு பழைய பிளேஸ்டேஷனைப் போட்டுவைத்திருப்பவர்கள். நன்றி உங்களுக்கு, விவரம் அவர்களுக்கு.

எங்கள் வீட்டு பிஎஸ் 2 மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த பெட்டி என்றாலும், அதற்கு முந்தைய பிளேஸ்டேஷன் டிஸ்குகளும் அதில் ஓடும். மாமா கூடவே கொடுத்தது 1996-இல் வந்த கிராஷ் பேண்டிகூட், ஜப்பானியப் பதிப்பு. மெனுவில் ஓர் எழுத்து புரியாது. அறுந்து தொங்கும் மரப்பாலத்தில் பலகைக்குப் பலகை தாவுவதற்கு மொழி எதற்கு? ஒரு கோடை விடுமுறை முழுக்க நானும் தம்பியும் அந்தப் பாலத்திலேயே கிடந்தோம்.

போன பொங்கலுக்குத் தம்பி வந்திருந்தபோது பெட்டியை இறக்கித் தூசு தட்டினோம். பழைய டிவி எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. இருப்பது மேசைமேல் ஒரு மானிட்டரும் ஒரு லேப்டாப்பும். லேப்டாப்பில்தான் எச்டிஎம்ஐ இருக்கிறதே என்று, எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில நூறு ரூபாய்க்கு ஒரு கன்வர்ட்டர் வாங்கிவந்து அதில் சொருகினோம். ஒன்றும் வரவில்லை. அது படத்தை வெளியே அனுப்பும் வாசல், உள்ளே விடாது என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. ஊரில் பாதிப் பேர் இந்தத் தப்பைச் செய்திருப்பார்கள், ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மானிட்டரில் சொருகியதும் படம் வந்துவிட்டது. "வந்துடுச்சுண்ணா!" என்று தம்பி கத்தினான். சிவப்பு பக்கத்து நிறத்தில் கசிந்தது, கிராஷ் ஓடினால் உடம்பெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு. அதெல்லாம் பழைய சாமான், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். பாலம் வந்தது. முதல் பலகையிலேயே விழுந்தான். மறுபடி விழுந்தான். என்னிடம் கொடுத்தான், நானும் விழுந்தேன். பத்து உயிர் போனபின் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, "வயசாயிடுச்சுண்ணா" என்றான். நானும் தலையாட்டினேன். என் கடிதமே அந்தத் தலையாட்டலைப் பற்றியதுதான்.

தப்பு எங்கள் விரலில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அமெரிக்க, ஜப்பானிய டிவி முறையில் ஒரு முழுப் படத்துக்கு 525 வரிகள். அதை ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் ஒரு தடவை என்று பாதி பாதியாக, நொடிக்குச் சுமார் 60 முறை வரைவார்கள். பழைய விளையாட்டுப் பெட்டிகள் இதில் ஒரு சின்னத் தந்திரம் செய்தன. ஒவ்வொரு தடவையும் சுமார் 262 வரிகளை மட்டும் அனுப்பி, அதே இடத்திலேயே வரைந்தன. அவற்றில் படம் இருப்பது 240 வரிகளில். பாதிப் படம் என்ற பேச்சே இல்லை, ஒவ்வொன்றும் முழுப் படம். டியூப் டிவி எதையும் கேட்காமல் வரைந்துகொண்டு போனது. நாங்கள் வாங்கிய கன்வர்ட்டருக்கு இது தெரியாது. வந்ததைப் பாதி என்று நினைத்து, அடுத்ததையும் வாங்கிவைத்து, இரண்டையும் சேர்த்துத் தைக்கப் பார்த்தது. சீப்புப் பல் அந்தத் தையல்தான். தைக்கிற நேரத்துக்குள் கிராஷ் பள்ளத்தில் கிடப்பான்.

பிறகு அந்தக் கன்வர்ட்டருக்குப் பதிலாக நீங்கள் உருவாக்கிய ஓஎஸ்எஸ்சி பலகையை வாங்கி மாட்டினேன். அது முழுப் படத்துக்காகக் காத்திருப்பதே இல்லை. கட்டட வேலையில் சித்தாள்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைக்குக் கை மாற்றுவார்களே, அப்படித்தான் அதன் வேலை. லோடு முழுக்க இறங்கட்டும், எண்ணிப் பார்த்துத் தூக்குவோம் என்று உட்காராது. ஒரு வரி வந்து சேர சுமார் 64 மைக்ரோவினாடி. அப்படிச் சில வரிகளைத்தான் அது கையில் வைத்துக்கொள்கிறது. வந்த வரியை இரண்டாகவோ ஐந்தாகவோ திருப்பி வரைந்து உடனே தள்ளிவிடுகிறது. என் மானிட்டர் 1920-க்கு 1200. 240-ஐ ஐந்தால் பெருக்கினால் 1200. மேலேயும் கீழேயும் ஒரு வரி மிச்சமில்லாமல் வந்து பொருந்தியபோது, கணக்குப் பரீட்சையில் விடை சரியாக வந்த பையனைப் போல நின்றேன்.

நன்றிக் கடிதம் என்பதற்காகக் குறையை மறைக்கப்போவதில்லை. உங்கள் பலகை லேசில் மசியாது. கன்வர்ட்டருக்குப் படம் கொண்டுபோன மஞ்சள் ஒயரை அது ஏற்காது என்பதால் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று முனை கொண்ட கம்போனென்ட் கேபிளைத் தேடிப் பிடித்தேன். மாட்டினால் நிறம் தாறுமாறு. பிஎஸ் 2-இன் அமைப்புப் பக்கத்தில் ஆர்ஜிபி என்று இருப்பதை மாற்ற வேண்டுமாம், அதற்கு ஒரு மாலை போயிற்று. காட் ஆஃப் வார் மாதிரிப் பாதி பாதியாக வரையும் விளையாட்டுகளில் கோடுகள் துடிக்கும். காட் ஆஃப் வாரின் மெனுவிலேயே புரொகிரெசிவ் என்று ஒன்று இருக்கிறது, அதைத் தட்டினால் சரியாகும். நண்பன் ஒருவனின் பெட்டி 50 ஹெர்ட்ஸ்காரன், அதாவது நொடிக்கு 50 தடவை வரைவது. நீங்கள் வேகத்தை மாற்றாமல் வந்தபடியே அனுப்புகிறீர்கள், அவன் மானிட்டரோ 50-ஐப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கறுத்துவிட்டது. சுடச்சுடக் கைமாற்றுவதற்கு இதுதான் விலை. நிறுத்திவைத்து வேகம் மாற்ற நினைத்தால் மறுபடி தாமதம் வந்துவிடும். எனக்கு உங்கள் பக்கம்தான் சரியென்று படுகிறது, என் பெட்டி 60 ஹெர்ட்ஸ் என்பதால் அப்படிச் சொல்கிறேனோ என்னவோ.

இவ்வளவையும் செய்துவிட்டு நிரலையும் எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைத்தீர்கள். அதில் எனக்குப் பாதிகூடப் புரியாது. ஆனாலும் கதவு திறந்திருக்கும் வீட்டுக்குள் போகாவிட்டாலும் ஒரு நிம்மதி உண்டல்லவா?

சித்திரை விடுமுறைக்குத் தம்பி மறுபடி வந்தான். ஒன்றும் சொல்லாமல் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்தேன். முதல் பலகையைத் தாண்டினான். இரண்டாவதையும். விரல் பொத்தானைத் தொட்டதும் கிராஷ் காற்றில் இருந்தான். தம்பி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு தாவிக்கொண்டே போனான். பாதிப் பாலத்தில் ஆமை ஒன்று குறுக்கே வரும். சின்ன வயதில் எப்போதும் அவன் விழுகிற இடம் அது. அங்கேயே விழுந்தான்.

"இது நான்தாண்ணா" என்றான், வாயெல்லாம் பல்லாக.

அன்புடன்,
பாலத்தை இன்னும் தாண்டாத ஓர் அண்ணன்
சென்னை