கூட்டியதால் குறைந்த கணக்கு

(இரண்டாம் ஆண்டு மாணவர், இளம் அறிவியல் – விலங்கியல்)

வேதியியல் செய்முறை வகுப்பில் நாம் எல்லோரும் ஒரு முறையாவது செய்திருக்கும் சிறு தவறு ஒன்று உண்டு. தரம் பார்க்கும்போது முதல் முறை பியூரெட்டில் 19.6 மி.லி. வருகிறது, இரண்டாம் முறை 20.1 வருகிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்பது விதி. மணியோ அடிக்கப் போகிறது. மூன்றாம் முறை செய்து பார்க்கப் பொறுமையின்றி, 20.1 என்பதையும் 19.6 என்றே எழுதிவிட்டுப் பதிவேட்டை மூடிவிடுகிறோம். இதனால் யாருக்கு என்ன நட்டம் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். சென்ற கோடை விடுமுறையில் மலைமேல் பதினொரு நாட்கள் தங்கியபோது அந்த நட்டத்தை நேரில் கண்டேன். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

வால்பாறைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். என் தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி மலையேறி வந்தவர். பாட்டியும் அம்மாவும் கொழுந்து பறித்தவர்கள். அப்பா இளம் வயதில் தோட்டத்தில் மருந்து அடித்தார். பிறகு வேட்டைத் தடுப்புக் காவலராக, தற்காலிக வேலையில் சேர்ந்தார். இருபது ஆண்டுகளாகியும் அது தற்காலிகமாகவே இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும். அதற்கு மேல் எழுத்து வராது. ஆனால் ஈரமண்ணில் பதிந்த குளம்படியைப் பார்த்து, எத்தனை ஆடுகள், எப்போது, எந்தப் பக்கம் போயின என்று சொல்லிவிடுவார்.

மே மாதத்தில் முனைவர் பட்ட ஆய்வு மாணவி ஒருவர் வரையாடுகளை எண்ணுவதற்காக எங்கள் மலைக்கு வந்தார். ஒவ்வோர் ஆண்டும் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் அவர் வருவதும், அப்பா வழிகாட்டியாகப் போவதும் வழக்கம். இம்முறை அவருடன் வந்த உதவியாளருக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. "அண்ணா, உங்க பையன் விலங்கியல்தானே படிக்கிறான்? அவனையே கூட்டிட்டு வாங்க" என்றார் அந்த அக்கா. அனுமதிக் கடிதத்தில் என் பெயரும் ஏறியது. அரிசி மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அப்பாவின் பின்னால் நடந்தேன்.

தேயிலை முடிந்து சோலைக்காடு தொடங்கியது. கோடை மழையில் அட்டைகள் காலைப் பிடித்தன. சோலையும் முடிந்து மேலே ஏறியதும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி. அதுவே ஆனைமலையின் புல்மலை. இரண்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட அந்த உயரத்தில், மடிப்புகளில் மட்டும் சோலைகள் கறுத்துத் தெரியும். மற்ற இடமெல்லாம் புல்லும் பாறையுமே. எல்லைக்கு அப்பால் கேரளத்தின் இரவிகுளமும், 2,695 மீட்டர் உயர்ந்து தென்னிந்தியாவின் உச்சியாக விளங்கும் ஆனைமுடியும் உள்ளன. பனிமலை இல்லையாயினும், தகரக் கூரையின் கீழ் முதல் நாள் இரவு இரண்டு கம்பளி போர்த்தியும் எனக்குப் பல் கிட்டியது.

வரை என்றால் மலை. மலையில் வாழும் ஆடு வரையாடு. சங்கப் பாடல்களில் வருடை என்று வருவதும் இதுவே. நம் மாநில விலங்கு இது என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. இமயமலையிலுள்ள தார் ஆட்டின் உறவு என்றே நெடுங்காலம் கருதினர். 2005-இல் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, செம்மறியாடுகளுக்கே இது நெருக்கமானது எனத் தெரிந்து, நீலகிரிட்ராகஸ் என்ற தனிப் பேரினத்தில் வைத்தார்கள்.

இந்த ஆட்டைத் தேடி எத்தனையோ பேர் மலையேறியிருக்கிறார்கள். 1969-இல் ஜார்ஜ் ஷாலர் வந்தார். 1975-இல் குன்னூர் வழக்கறிஞர் ஈ. ஆர். சி. டேவிதார் மலைமலையாக நடந்து கணக்கெடுத்தார். அவர் நினைவாகவே அக்டோபர் 7 வரையாடு நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1979 முதல் கிளிஃபோர்ட் ரைஸ் இரவிகுளத்தில் தங்கி, ஆடுகள் தம்மைக் கண்டு அஞ்சாத அளவுக்குப் பழகி ஆராய்ந்தார். 2023-இல் தமிழ்நாடு அரசு வரையாட்டுக்கெனத் தனித் திட்டத்தைத் தொடங்கியது. அரசின் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 2024-இல் 1,031 வரையாடுகளும், 2025-இல் 1,303 வரையாடுகளும் இருந்தன. நம் கல்லூரியில் படிக்கும் மாணவர் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ்நாடு முழுவதற்கும் அவ்வளவுதான்!

இனி எண்ணும் முறையைச் சொல்கிறேன். மலையில் எல்லா ஆடும் கண்ணில் படாது. பாறை மறைக்கும், மஞ்சு மறைக்கும். ஆகவே இரண்டு குழுக்கள் ஒரே தடத்தில் அரை மணி நேர இடைவெளியில் செல்ல வேண்டும். ஒரு குழு கண்டதை மற்றொரு குழுவிடம் சொல்லக் கூடாது. மாலையில் இரு தாள்களையும் வரைபடத்தில் ஒப்பிட்டு, இரு குழுவும் கண்ட கூட்டங்கள் எத்தனை எனப் பார்க்க வேண்டும். முதல் குழு கண்டதையும் இரண்டாம் குழு கண்டதையும் பெருக்கி, இருவரும் பொதுவாகக் கண்டதால் வகுத்தால், யார் கண்ணிலும் படாதவற்றையும் சேர்த்து மொத்தக் கூட்டங்கள் எத்தனை என்ற மதிப்பு கிடைக்கும்.

முதல் குழுவில் பார்ப்பவர் அப்பா, எழுதுபவன் நான். இரண்டாம் குழுவில் அக்காவும் இன்னொரு காவலரும். "தம்பி, அண்ணன் சொல்றத மட்டும் எழுது. போன வருஷமும் அவர்தான் பார்த்தார். ஒரே கண்ணு இருந்தாதான் ரெண்டு வருஷத்தையும் ஒப்பிட முடியும்" என்று அக்கா தெளிவாகச் சொல்லியிருந்தார்.

முதல் நாள் காலை, வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. எதிர்ச் சரிவின் ஒவ்வொரு பாறையும் எனக்குத் தனித்தனியே தெரிந்தது. அப்பா கையை நெற்றிக்கு மேல் குடையாகப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, "மஞ்சு ஏறுது தம்பி. இங்க ஒண்ணுமில்ல, வா போலாம்" என்றார்.

மஞ்சு எங்கும் இல்லை. எதிர்ப் பாறைத் திட்டில் மூன்று பெட்டைகளும் மூன்று குட்டிகளும் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. வீட்டில் அப்பா சோற்றில் கல் பொறுக்குவதை விட்டுவிட்டதும், பேருந்தின் எண்ணை என்னைக் கேட்பதும் அப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்து நினைவுக்கு வந்தன. கண் தெரியாத காவலரை யார் வைத்துக்கொள்வார்கள்? தற்காலிக வேலைக்காரரை நிறுத்த ஓர் ஓலைகூட வேண்டாமே! என் கல்லூரிக் கட்டணம் அந்தக் கண்களிலிருந்தல்லவா வருகிறது? அப்பா முன்னால் நடந்துகொண்டிருந்தார். நான் தாளில், 'கூட்டம் ஒன்று. பெட்டை 3, குட்டி 3' என்று எழுதினேன். பொய்யான ஆடுகளை எழுதவில்லையே, என் கண்ணால் கண்டதைத்தானே எழுதினேன் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். இரண்டாம் நாள் ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று என, அப்பா தவறவிட்ட மூன்று கூட்டங்களை இவ்வாறு சேர்த்தேன்.

மூன்றாம் நாள் இரவு விளக்கொளியில் அக்கா கணக்குப் போட்டுக் காட்டினார். முதல் குழு 9, இரண்டாம் குழு 10, பொதுவாகக் கண்டவை 8. ஒன்பதைப் பத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் 11.25, ஏறத்தாழ 11 கூட்டங்கள். "பார்த்தீங்களா அண்ணா, உங்க கண்ணு இன்னும் அப்படியேதான் இருக்கு!" என்று சிரித்தார். அப்பா பதில் பேசாமல் அடுப்பில் விறகைத் தள்ளினார்.

எல்லோரும் உறங்கிய பின் கைவிளக்கை ஏற்றி, உண்மைக் கணக்கைப் போட்டேன். அப்பா கண்டவை 6, இரண்டாம் குழு 10, பொதுவானவை 5. ஆறு பத்து அறுபது; ஐந்தால் வகுத்தால் 12.

மீண்டும் போட்டுப் பார்த்தேன். பன்னிரண்டேதான் வந்தது. மூன்று கூட்டங்களை நான் கூட்டினேன். மலையில் ஒரு கூட்டம் குறைந்துவிட்டது!

யோசித்தபோது காரணம் விளங்கியது. ஒருவர் தவறவிட்டது எவ்வளவு என்பதை வைத்தே, இருவரும் தவறவிட்டதை அந்த முறை அறிகிறது. தவறியதை நான் மறைத்ததும், 'இவர்கள் கண்ணுக்கு எதுவும் தப்பாது, மறைந்திருப்பது ஒன்றுமில்லை' என்று கணக்கு நம்பிவிட்டது. அப்பாவுக்கு நல்லது செய்வதாக எண்ணி, அவர் இருபது ஆண்டுகள் காத்த ஆடுகளில் ஒரு கூட்டத்தை நான் தாளிலிருந்து துடைத்துவிட்டேன். அது மட்டுமா? அவர் கண்ணில் ஏறும் திரையையும் அல்லவா மறைத்துவிட்டேன்? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை, குளிரினால் அன்று.

விடிந்ததும் வரக்காப்பி குடித்துக்கொண்டிருந்த அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா பாத்திரம் கழுவப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கதவருகிலேயே நின்றிருந்தார்.

வெகுநேரம் யாரும் பேசவில்லை. பிறகு அப்பாதான் சொன்னார்: "போன வருஷமே தெரியும் மேடம். வெயில் ஏறுனா எல்லாம் வெள்ளையாப் போயிருது. சொன்னா வேலை போயிரும்னு நான்தான் சொல்லல." என் பக்கம் திரும்பி, "நான் பார்க்காதத பார்த்தேன்னு எழுதாத தம்பி. நாளைக்கு அதை நம்பி யாராச்சும் மலை ஏறுவாங்க" என்றார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. நான் அழிப்பானைத் தேடியபோது மட்டும் கையைத் தடுத்தார். "அழிக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு அடி. அடியில இருக்கிறது தெரியணும். பக்கத்துல சரியானத எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடு. அழிச்சா தப்பும் போயிரும், திருத்தினதும் போயிரும்" என்றார். மூன்று இடங்களில் கோடு போட்டுக் கையெழுத்திட்டேன். சென்ற ஆண்டுத் தாள்களில் அப்பா பார்த்தவற்றின் ஓரத்திலும் ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்று அக்கா சொன்னபோது அவர் முகம் வாடியது. ஆனால் எழுதாமல் விடவில்லை.

மீதி நாட்களில் பார்ப்பவன் நானானேன். ஆள் மாறியதையும் அக்கா தாளில் குறித்துக்கொண்டார். அப்பா வழிகாட்டினார். ஏழாம் நாள் உண்மையாகவே மஞ்சு இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று மெல்லிய சீழ்க்கை ஒலி கேட்டது. எங்கிருந்தென்று எனக்குப் புரியவில்லை. அப்பா என் தோளைப் பிடித்து இடப்பக்கம் திருப்பி, "அந்தப் பாறைக்குக் கீழ இருக்கு. நம்மளப் பார்த்துட்டுச் சத்தம் கொடுக்குது. ஆபத்து கீழேருந்து வரும்னுதான் அது எப்பவும் கீழேயே பார்க்கும்; நாம மேல சுத்திப் போவோம்" என்றார். மேலேறிக் காத்திருந்தோம். மஞ்சு விலகியபோது, அவர் சொன்ன இடத்திலேயே பதினேழு ஆடுகள். நடுவில் முதுகில் வெள்ளி பூத்த முதிர்ந்த கிடா ஒன்று. நான் எண்ணிச் சொல்லச் சொல்ல, அப்பா தம் விரல்களை மடக்கிக்கொண்டே வந்தார்.

ஜூலையில் இலவசக் கண் சிகிச்சை முகாமில் அப்பாவின் வலக்கண்ணுக்கு அறுவை செய்தார்கள். இடக்கண்ணுக்கு இன்னும் செய்ய வேண்டும். கட்டவிழ்த்ததும் என்ன சொல்வாரோ என்று காத்திருந்தோம். சுற்றிலும் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுச் சுவரு இவ்வளவு அழுக்காவா இருக்கு?" என்று அம்மாவைக் கேட்டார். வேலை போகவில்லை, நிரந்தரமும் ஆகவில்லை. அடுத்த கோடையில் பார்ப்பவராக அவரா நானா என்பதை, அக்கா அவர் கண்ணைச் சோதித்த பிறகே முடிவு செய்வாராம். அப்பாவும் அதுதான் முறை என்கிறார்.

இந்தப் பருவத்தில் ஒரு நாள் செய்முறை வகுப்பில் எனக்கு முதலில் 18.2 வந்தது, அடுத்து 18.7 வந்தது. மணி அடித்துவிட்டது. நண்பர்கள் புறப்பட்டுவிட்டார்கள். நான் மூன்றாம் முறையும் செய்தேன், 18.2 வந்தது. பதிவேட்டைப் பார்த்த ஆசிரியர், கோடு போட்டிருந்த 18.7-ஐச் சுட்டிக்காட்டி, "இதை ஏன்ப்பா விட்டு வைத்திருக்கிறாய்? வேறு தாளில் சுத்தமாக எழுதியிருக்கலாமே?" என்று கேட்டார்.

"அதுவும் வந்ததுதானே, சார்" என்றேன்.