குல்மார்க் வானிலைக் குறிப்புகள்

2024, ஜனவரி 16

சில்லை கலான் பாதிக்கு மேல் போய்விட்டது. டிசம்பர் 21-இல் தொடங்கும் அந்த நாற்பது நாள் கடுங்குளிரில்தான் காஷ்மீரின் மலைகள் பனியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் குல்மார்க்கின் புல்வெளி இன்னும் பழுப்பாகவே கிடக்கிறது. பனிச்சறுக்குக் கற்றுத்தருபவர்களும் சறுக்குவண்டி இழுப்பவர்களும் வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். வருடத்தில் இந்தச் சில வாரங்களை நம்பியே வாழ்பவர்கள். வானிலை அறிக்கையோ வறட்சி என்கிறது.

ஜனவரி 27

ஒரு மேற்கத்திய இடையூறு வருகிறதாம். மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, மேலடுக்கு மேற்குக் காற்றோடு ஈரத்தைச் சுமந்து வரும் இவைதான் இம்மலைகளுக்குக் குளிர்காலப் பனியைத் தருகின்றன. அது வரும் என்று சொல்வது கணிப்பின் எளிய பகுதி. எந்த உயரத்திலிருந்து பனியாக விழும் என்பதே கடினம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். பூஜ்ய டிகிரிக் கோடு சில நூறு மீட்டர் மேலே நகர்ந்தால் போதும், ஒரே மேகம் கொண்டோலா என்னும் கம்பிவட வண்டியின் உச்சி நிலையத்தில் பனியையும் அடிவாரத்தில் மழையையும் கொட்டும்.

ஜனவரி 31

பனி கொட்டுகிறது! ஊரே வாசலில் நிற்கிறது.

பிப்ரவரி 4

இந்த மகிழ்ச்சிக்கு நடுவே ஒரு கவலை. வறண்ட வாரங்களில் மேலே கிடந்த மெல்லிய பழைய பனி அப்படியே இருந்திருக்காது. தெளிந்த இரவுகளில் மேற்பரப்பு உறையும். தரையோ அவ்வளவு குளிராது. அந்த வேறுபாட்டில் நீராவி அடியிலிருந்து மேலேறி, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத சர்க்கரைக் குருணையாக மாறும். அதன்மேல் கனத்த புதுப்பனி விழுந்தால், முப்பது டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவுகளில் ஓர் ஆளின் எடையே மொத்தப் பாளத்தையும் பெயர்த்துவிடலாம். காற்று வேறு ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் குவிக்கும். ஆகவே இங்கே நாளைய வானத்தைக் கணிப்பவருக்குக் கடந்த மாதத்து வானமும் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை அங்குலம் விழும் என்று மட்டும் சொல்லும் கணிப்பை நான் பாதிக் கணிப்பாகவே எண்ணுகிறேன்.

பிப்ரவரி 22

கீழே கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் நடக்கின்றன. மேலே, ஆள் கண்காணிக்காத சரிவில் பனிச்சரிவு. வெளிநாட்டிலிருந்து வந்த சறுக்கு வீரர் ஒருவர் இறந்துவிட்டார். உடன் போனவர்கள் மீட்கப்பட்டிருக்கிறார்கள். சில நாட்களாகப் பெய்த பெரும்பனியைக் கொண்டாடித்தான் எல்லோரும் மலையேறினார்கள். மனம் ஆறவில்லை.

குல்மார்க்குக்குக் கிளம்புகிறவர்களே, பனி உண்டா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். பனிச்சரிவு எச்சரிக்கையையும் அன்றன்று பாருங்கள். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல், குறித்த எல்லைக்கு வெளியே இறங்காதீர்கள்.