எழுந்த விமானம் இறங்க வேண்டுமே!

12 எஃப்-35பி போர் விமானங்களைச் சிங்கப்பூருக்கு விற்க அமெரிக்கா 2020 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. குறுகிய ஓடுபாதையில் எழுந்து செங்குத்தாக இறங்கக்கூடியவை அவை. இடம் குறைந்த தீவுக்குப் பொருத்தம் என்று நண்பர்கள் பேசிக்கொண்டார்கள். பொறியியல் மாணவனான எனக்கோ அந்த விமானத்தின் பாட்டன் பூட்டன்களைத் தேடிப் பார்க்க ஆசை வந்தது. தேடிப் போனவனை, அவை எழுந்த கதைகளைவிட இறங்கிய கதைகளே பிடித்துக்கொண்டன.

1950ஆம் ஆண்டுகளில் வல்லரசுகளுக்கு ஒரு கவலை இருந்தது. ஓடுபாதையில் குண்டு விழுந்தால் அங்குள்ள விமானங்கள் அத்தனையும் முடங்கிவிடும். ஓடுபாதையே வேண்டாத விமானம் இருந்தால்?

பிரிட்டனில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் இரண்டு ஜெட் இயந்திரங்களை உலோகச் சட்டத்தில் பொருத்தி, அவற்றின் வீச்சைத் தரையை நோக்கித் திருப்பியது. இறக்கை கிடையாது. விமானி உச்சியில் திறந்தவெளியில் உட்கார வேண்டும். 'பறக்கும் கட்டில்' என்ற கேலிப்பெயர் அதற்கு நன்றாகவே பொருந்தியது. 1954 ஆகஸ்ட் 3ஆம் நாள் ரான் ஷெப்பர்ட் அதைக் கட்டுக்கயிறு இல்லாமல் மேலே எழுப்பினார். அந்தரத்தில் நிற்கும் விமானத்திற்குச் சுக்கான் பயன்படாது. அதன்மேல் மோதக் காற்றோட்டம் வேண்டுமே! எனவே இயந்திரத்திலிருந்து எடுத்த அழுத்தக் காற்றைக் குழாய்வழி நான்கு பக்கமும் பீய்ச்சிச் சமநிலை காத்தார்கள். 1957இல் இரண்டாவது 'கட்டில்' விழுந்து அதன் விமானி உயிரிழந்தார்.

அமெரிக்காவின் ரயன் எக்ஸ்-13 வேறு வகை. மூக்கு வானைப் பார்க்க, ஒரு வண்டியின் தூக்கிய மேடையில் கம்பியைப் பிடித்துத் தொங்கும், வௌவாலைப் போல. 1957 ஏப்ரல் 11ஆம் நாள் பீட் ஜிரார்ட் அதிலிருந்து செங்குத்தாகக் கிளம்பி, கிடைமட்டமாகப் பறந்து, மீண்டும் நிமிர்ந்து வந்து அதே கம்பியில் மாட்டினார். கொக்கி மூக்கின் அடிப்புறத்தில். விமானியின் முகமோ வானத்தை நோக்கி. கம்பி அவர் கண்ணுக்கே தெரியாது! வண்டியிலிருந்து நீட்டிய, அளவுக்கோடிட்ட கழி ஒன்றைப் பார்த்துத்தான் தூரத்தைக் கணித்தார். இதைப் படித்தபோது எனக்கு உள்ளங்கை வியர்த்தது. வரைபடத்தில் விமானிக்கு இடம் ஒதுக்கியவர்கள் அவர் கண்ணுக்கு இடம் ஒதுக்க மறந்துவிட்டார்கள் என்பேன்.

பிரான்சின் கொலியோப்டரும் வாலில் நிற்கும் விமானந்தான். வளைய வடிவ இறக்கை கொண்டது. பார்க்க அழகு. 1959 ஜூலை 25ஆம் நாள் கட்டுப்பாட்டை இழந்து விழுந்தது. ஒகுஸ்த் மொரேல் இருக்கையோடு வெளியேறிப் படுகாயத்துடன் தப்பினார். இருந்ததே அந்த ஒரு விமானம்தான்.

விமானியைப் படுக்க வைக்காமல், விமானத்தையும் நிமிர்த்தாமல் காரியம் முடிந்தது ஹாக்கர் பி.1127இல்தான். வீச்சுக்குழாய்கள் மட்டும் சுழன்றன: கீழ்நோக்கினால் மிதக்கும், பின்நோக்கினால் பறக்கும். பிரெஞ்சுக்காரர் மிஷெல் விபோ தந்த யோசனையிலிருந்து பிரிஸ்டல் நிறுவனம் உருவாக்கிய பெகசஸ் இயந்திரம் அதற்கு உயிர். 1969இல் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்த ஹாரியர் இதன் வாரிசு.

அதற்கும் முதல் நாள் சுலபமாக இல்லை. 1960 அக்டோபர் 21ஆம் நாள், எடை குறைக்கப் பாகங்களைக் கழற்றிய அந்த விமானத்தைத் தரையோடு கட்டி வைத்திருந்தார்கள். விமானி பில் பெட்ஃபர்டுக்கோ கார் விபத்தில் முறிந்த கால். மாவுக்கட்டோடு ஏறி உட்கார்ந்தார். விமானம் சில அடி உயர்ந்தது, தள்ளாடியது, கட்டுகளை இழுத்தது. தொடுவானம் மட்டும் அவர் கண்ணுக்கு நேராக இருந்தது.