எடுத்த சீட்டும் எறிந்த சீட்டும்

சீட்டாட்டத்தைக் குறித்து நம் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதத் துணிந்தமைக்கு அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக. யான் சொல்லப் புகுவது பணம் வைத்தாடிய கதையன்று. விடுமுறையில் நண்பர் எண்மரோடு புளியங்கொட்டைகளைப் பணயமாக வைத்தாடிய போக்கர் ஆட்டத்தில் யான் கற்ற ஒரு பாடமேயாம்.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தின் பெயரால் வழங்கும் இவ்வாட்டத்தில், ஒவ்வொருவருக்கும் முதலில் இரண்டு சீட்டுகள் மறைவாகக் கொடுக்கப்படும். பின்னர் ஐந்து சீட்டுகள் பொதுவில் விரிக்கப்படும். வரம்பில்லா வகையில், தன் முறை வருங்கால் எவனும் கைப்பொருள் முழுவதையும் பணயம் வைக்கலாம். ஆகவே, முதலிரு சீட்டுகளைக் கண்டதும் பணயத்தை உயர்த்துவதா, சீட்டை எறிந்துவிடுவதா என்பதே தலையாய கேள்வி.

52 சீட்டுகளினின்று இரண்டை 1,326 விதமாக எடுக்கலாம். இரண்டு ஆஸ் சேர்ந்து வருவது சராசரி 221 முறைக்கு ஒரு முறையே. ஒன்பது பேர் ஆடுங்கால், முதலிற் பேசுபவனுக்குப் பின்னே எண்மர் உளர். அவருள் எவர் கையில் மேலான சீட்டுள்ளதென அவன் அறியான். சீட்டுப் போடும் ஆசனத்தில் இருப்பவனோ, முன்னுள்ளோர் விலகிவிட்டால், இருவரையே அஞ்ச வேண்டும். பிற்சுற்றுகளில் மற்றவர் செய்கையைக் கண்டபின் பேசுவான். ஆதலின் அவன் எளிய சீட்டுகளுக்கும் உயர்த்தலாம்.

இவற்றை ஆராய்ந்து யான் ஒரு காகிதத்தில் விதி எழுதிக்கொண்டேன். முதலாசனத்தில் பத்து முதல் ஆஸ் வரையுள்ள ஜோடிகள், ஆஸோடு ராஜா, ஆஸோடு ராணி ஆகிய இவற்றுக்கு மட்டுமே உயர்த்துவது. 1,326இல் இவை 62. அதாவது இருபதில் ஒன்றுக்குங் குறைவு. எறிந்து எறிந்து சலித்தேன், நண்பர் நகைத்தனர். ஒரு மாலை, முதலாசனத்தில் ஆஸும் பத்தும் வர, விதியை மீறி உயர்த்தினேன், வென்றேன். அவ்வாறே பின்னும் இருமுறை மீறி வென்றேன். நான்காம் முறை என் கொட்டைகள் அனைத்தையும் வைத்தேன். எதிரி ஆஸும் ராஜாவும் காட்டினான். அவ்விரண்டும் எதிர்ப்படின் ஆஸும் பத்தும் வெல்வது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. கொட்டைகள் யாவும் அவன் பக்கம் சென்றன.

அன்றிரவு அந்நான்காம் ஆட்டத்தையே நொந்துகொண்டேன். பிழை முதல் ஆட்டத்திலேயே நேர்ந்ததென்பது சில நாள் கழித்தே விளங்கிற்று. வெற்றி அதனை மறைத்துவிட்டது. 1976ஆம் ஆண்டிலும் 1977ஆம் ஆண்டிலும் லாஸ் வேகாஸ் நகரில் நடந்த உலகப் போக்கர் பந்தயத்தில், டாயில் பிரன்ஸன் என்பார் இறுதியாட்டத்தைப் பத்தும் இரண்டுமாகிய சீட்டுகளைக் கொண்டே வென்றார். அச்சீட்டுகளுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. எனினும் அவர் வென்றமையால் அவை நல்ல சீட்டுகளாகிவிடவில்லை.

என் கையில் இருந்தவை புளியங்கொட்டைகள், தப்பினேன். அம்மூன்று வெற்றிகளும் பணத்தால் வந்திருப்பின், நான்காம் முறைக்குத் தந்தையாரின் பொருளையும் வைத்திருப்பேனோ என்றெண்ண இன்றும் நெஞ்சம் நடுங்குகிறது. அக்காகிதம் என் கணித நூலினுள் இருக்கிறது. இப்பொழுது ஆட்டம் முடிந்தபின் அதன் ஓரத்தில், எத்தனை முறை வென்றேன் என்பதை விடுத்து, எத்தனை முறை விதியை மீறினேன் என்பதையே குறித்து வருகிறேன்.