பன்னிரு குட்டிகளுக்குத் தாயானவர்

மயிலை கபாலீசுவரர் ஆலயத்தில் சாயரட்சை தரிசனம் முடித்து இல்லம் திரும்பியதும், குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் தம் கையாலேயே திருநீறு இடுவது அப்பெரியவரின் நெடுநாள் வழக்கம். பேரன் ஒருவனுக்கு மட்டும் மூன்று மாதங்களாக அந்தக் கை நீளவில்லை. விலங்கியலில் பட்டம் பெற்ற அப்பிள்ளை, வண்டலூர் உயிரியல் பூங்காவில் விலங்குக் காப்பாளனாகப் பணியேற்றிருந்தான்.

பெரியவரின் மனக்குறைகள் இரண்டு. புலால் நுழையாத குலத்தில் பிறந்தவன், புலிக்கு இறைச்சி எடுத்துச் செல்கிறான் என்பது ஒன்று. மற்றொன்று இன்னும் ஆழமானது. இளம் வயதில் தந்தையாரின் விரலைப் பிடித்துக்கொண்டு, மூர் மார்க்கெட் அருகே இருந்த ‘உயிர் காலேஜு’க்கு அவர் சென்றதுண்டு. 1855-இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்கிப் பின்னர் அங்கு மாறியிருந்த விலங்குக் காட்சிசாலைக்குச் சென்னைவாசிகள் இட்ட பெயர் அது. குறுகிய கூண்டுக்குள் ஓயாமல் நடந்துகொண்டிருந்த ஒரு விலங்கின் கண்கள் அவர் நெஞ்சை விட்டு அகலவே இல்லை.

“வாயில்லாச் சீவனை அடைத்து வைப்பது பாவமல்லவா, கண்ணா?” என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

“அந்தக் கூண்டுகள் இப்போது இல்லை, தாத்தா. 1985-இல் வண்டலூருக்கு மாறிய பின் பூங்கா 602 எக்டேர் பரப்பில் இருக்கிறது. ஆனாலும் அடைப்பு அடைப்புதான். இல்லையென்று நான் சொல்லமாட்டேன். அங்கேயே பிறந்து வளர்ந்த புலியைக் காட்டில் விட்டால் அதற்குப் பிழைக்கத் தெரியாது. அதைப் பசியோடும் நோயோடும் விடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டுமே.”

பின்னர் தன் பணியை விவரித்தான். காலையில் முதல் வேலை, ஒவ்வோர் உயிரையும் எண்ணிப் பார்ப்பது. முந்தைய நாள் உணவில் மிஞ்சியது எவ்வளவு, சாணம் எவ்வாறு இருக்கிறது என்று கவனித்தால்தான், நோயைச் சொல்லத் தெரியாத உயிரின் நோய் புலப்படும். புலி, சிங்கங்களுக்கு வாரத்தில் ஒருநாள் பட்டினி. “உங்கள் ஏகாதசியைப் போலத்தான், தாத்தா” என்றான். செவ்வாய்க்கிழமை பார்வையாளருக்கு விடுமுறை. பசிக்கு விடுமுறை ஏது? 2021 ஜூன் மாதம் கொரோனா கண்டு அங்கே நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. ஊரே கதவடைத்திருந்த அந்நாட்களிலும் காப்பாளர்கள் கவச உடையணிந்து உணவளித்து வந்தார்கள்.

பெரியவர் மறுமொழி கூறவில்லை. அன்றும் திருநீறு இடவில்லை.

சில நாட்களுக்குப் பின் ஓரிரவு பேரன் வீடு திரும்பவில்லை. மறுநாள் மாலை சோர்ந்த முகத்துடன் வந்தான். தாயை இழந்த மான்குட்டி ஒன்றுக்கு இரவெல்லாம் சில மணிக்கொரு முறை புட்டிப்பால் புகட்டியதாகத் தாயிடம் கூறிக்கொண்டிருந்தான். “முதலில் குடிக்கவே இல்லையம்மா. விடியும்போதுதான் வாய் வைத்தது” என்றபோது அவன் குரல் தழுதழுத்தது.

திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியவருக்கு, தாம் பலமுறை பாராயணம் செய்த திருவிளையாடற் புராணம் நினைவுக்கு வந்தது. பாண்டியனின் வேட்டையில் தாய்ப்பன்றி மாண்டது. பசியால் கதறிய பன்னிரண்டு குட்டிகளைக் கண்டு சோமசுந்தரக் கடவுள் இரங்கினார். பிரமனும் திருமாலும் அடிமுடி காணாத அப்பெருமான், தாமே தாய்ப்பன்றியாகி அவற்றுக்குப் பாலூட்டினார். பன்றியின் உடலைத் தீட்டென்று ஈசன் ஒதுக்கவில்லை. பசுபதி என்று நாள்தோறும் அவரை அழைத்த நாவுக்கு, அப்பெயரின் பொருள் மட்டும் எட்டாமல் போயிற்றே என்று பெரியவர் கண் கலங்கினார்.

பேரன் நீராடிவிட்டு வந்து, வழக்கம்போல் கூடத்தின் ஓரமாய் ஒதுங்கி நின்றான்.

“இங்கே வா, கண்ணா.”

நெற்றி நிறையத் திருநீறு இட்டார். பிறகு சிறிது மடித்து அவன் கையில் கொடுத்தார்.

“அந்தக் குட்டிக்கு” என்றார்.