வண்டிக்கு முளைத்த கொம்பு - ஒரு சிபி ரேடியோ புராணம்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ரொம்ப நாளா எழுத நினைச்ச விஷயத்தை இன்னிக்கு எழுதிடறேன். மொக்கையா இருந்தா பொறுத்துக்கோங்க மக்களே :-)

நாங்க இருக்கிறது டென்வர். தங்கமணியோட அக்கா இருக்கிறது சால்ட் லேக் சிட்டி. நடுவுல வயோமிங். லாரமிக்கு மேற்கே ஐ-80ல குளிர்காலம்னா காத்து பனியை வாரிக் கொட்டி ரோட்டையே மறைச்சிடும். அடிக்கடி ரோட்டை மூடிடுவாங்க. செல்போன் சிக்னல் பல இடத்துல கோவிந்தா. கைக்குழந்தையோட போற வழி. அதான் வண்டில சிபி ரேடியோ மாட்டிடலாம்னு முடிவு பண்ணேன்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 27 மெகாஹெர்ட்ஸ், 40 சேனல், தனி லைசென்ஸ் எடுக்கத் தேவையில்லை. 1973ல எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தப்ப, எந்த பங்க்ல டீசல் இருக்கு, எங்க போலீஸ் நிக்குதுன்னு லாரிக்காரங்க பேசிக்கப் போய் நாடு முழுக்க பிரபலமாச்சு. செல்போன் வந்தப்புறம் கூட்டம் குறைஞ்சிடுச்சு. ஆனா பெரிய நெடுஞ்சாலைகள்ல 19ஆம் சேனல்ல இன்னும் ஆள் இருக்கு. 9 அவசரத்துக்கு.

எல்லாரும் முதல்ல பார்க்கிறது ரேடியோ பொட்டியைத்தான். ஆனா ஏ.எம்.ல சட்டப்படி 4 வாட்டுக்கு மேல அனுப்பக் கூடாது. விலை கம்மியான பொட்டியும் 4 வாட், விலை கூடினதும் 4 வாட். அப்ப வித்தியாசம் எங்க வருதுன்னா, ஆன்டெனாவுல.

இந்த அலைவரிசைக்கு அலைநீளம் சுமார் 11 மீட்டர். கால் பங்கு ஆன்டெனா வேணும்னா 2.75 மீட்டர், அதாவது ஒன்பது அடிக்கம்பி! லாரிக்கோ ஜீப்புக்கோ சரி. நம்ம காருக்கு வச்சா முதல் நாளே கராஜ் கதவோட சண்டை வரும். அதனால கம்பியைக் குட்டையாக்கி, குறையுற நீளத்துக்கு ஈடா காயில் சுத்தி வச்சிருப்பாங்க. ஆனா இலவசமா எதுவும் கிடைக்காதே. எவ்வளவு குட்டையோ அவ்வளவுக்குத் திறன் குறையும், சரியா வேலை செய்யுற சேனல்களும் சுருங்கும். வண்டி தாங்குற அளவுக்கு நீளமானதா வாங்கணும், அவ்வளவுதான் சூத்திரம்.

அடுத்தது எங்க வைக்கிறது? மோனோபோல்னு காலேஜ்ல படிச்சோமே, ஞாபகம் இருக்கா? கம்பி பாதி ஆன்டெனாதான், மீதிப் பாதி வண்டியோட தகரம். அதனால கூரைக்கு நட்டநடுவுல வச்சா எல்லாத் திசையிலயும் ஒரே மாதிரி போகும். பம்பர்ல வச்சா வண்டியே பாதியை மறைக்கும். நான் காந்த அடிப்பாகம் உள்ளதை வாங்கினேன். உங்க வண்டிக் கூரை அலுமினியமோ கண்ணாடியோன்னா காந்தம் ஒட்டாது, பார்த்து வாங்குங்க.

"ஏங்க, வண்டிக்குக் கொம்பு முளைச்சிருக்கு?" - இது தங்கமணி.

ட்யூனிங்தான் முக்கியமான வேலை. ரேடியோவுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவுல எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை மாட்டணும். அனுப்புற சக்தியில எவ்வளவு திரும்பி வருதுன்னு அது சொல்லும். 1.5னா 4 சதவீதம் திரும்புது, கவலையில்லை. 3னா 25 சதவீதம். அப்படியே பேசிக்கிட்டே இருந்தா ரேடியோவோட கடைசி டிரான்சிஸ்டர் கருகினாலும் கருகிடும்.

ஞாயித்துக்கிழமை காலையில, மரமோ கட்டடமோ பக்கத்துல இல்லாத காலி பார்க்கிங்ல கதவெல்லாம் சாத்திட்டு ஆரம்பிச்சோம். நான் மைக்கை அழுத்த, தங்கமணி மீட்டரைப் படிக்க, பாப்பா பின் சீட்ல தூக்கம். முதல் சேனல்ல 1.5, நாப்பதாவதுல 2.5. மேல் சேனல்ல அதிகம்னா கம்பி நீளம் ஜாஸ்தி. கீழ் சேனல்ல அதிகம்னா நீளம் பத்தலை. எல்லாத்துலயும் 3க்கு மேலன்னா கம்பியைத் தொடாதீங்க, கேபிளையும் கனெக்டரையும் பாருங்க.

அல்லன் கீயால திருகைத் தளர்த்தி, கம்பியைக் கொஞ்சம் உள்ளே இறக்கி, இறுக்கி, திரும்ப அளந்து... நாலாவது தடவை ரெண்டு பக்கமும் 1.6, நடுவுல 1.2. போதும். 1.0 வேணும்னு பிடிவாதம் பிடிக்காதீங்க, காதுக்கு வித்தியாசமே தெரியாது.

பிப்ரவரில கிளம்பினோம். லாரமி நெருங்கும்போது 19ல கரகரன்னு பேச்சு. "மேற்கே ரோடு எப்படி இருக்கு?"ன்னு என் மதுரை இங்கிலீஷ்ல கேட்டேன். "எல்க் மவுண்டன் பக்கம் கண்ணே தெரியலை, ஒரு ட்ரெய்லர் கவுந்து கிடக்கு, கார்ல வராதே"ன்னு பதில் வந்துச்சு. லாரமியிலேயே மோட்டல் போட்டுட்டோம். கொஞ்ச நேரத்துல ரோட்டை மூடிட்டாங்க.

இதுல ஒரு சின்ன தத்துவம் இருக்கு. எதிர்ல வர்றவன் நாம போகப்போற இடத்துலேர்ந்துதான் வர்றான். அவன் நம்மளைக் கடந்து போற அந்தச் சில நிமிஷம் அவன் குரல் நமக்குக் கேட்கணும். அதுக்குத்தான் இத்தனை பாடு.

திரும்பி வரும்போது ராலின்ஸ் தாண்டி, யாரோ ஒருத்தர் கிழக்கே ரோடு எப்படின்னு கேட்டாரு. யாரும் பதில் சொல்லலை. எங்களுக்கு முன்னாடி போயிட்டிருந்தாரு போல, எனக்கும் தெரியாது. அஞ்சு நிமிஷம் கழிச்சு இன்னொருத்தர், மேற்கே போறவரு, கேட்டாரு. தங்கமணி சட்டுன்னு மைக்கை எடுத்து, "ரோடு காய்ஞ்சிருக்கு, காத்து மட்டும் ஜாஸ்தி, பார்த்துப் போங்க"ன்னு சொன்னா.

இப்ப கொம்பைப் பத்தி வீட்ல யாரும் கிண்டல் பண்றதில்லை :-)