ஆட்டம் மீண்டும் தொடங்கிய பின்

சென்ற வாரம் ஒரு தாயார் என்னிடம், "கதை சொல்லும் போட்டிக்கு நடுவர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள், டீச்சர்?" என்று கேட்டார். ஏதோ பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். கேள்வி மட்டும் என்னோடு வந்தது.

அன்று மாலை சிராங்கூன் சாலையிலிருந்து ஃபேரர் பார்க் பக்கம் நடந்து சென்றேன். குதிரைப் பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்குப் போன பிறகு, அங்கே விளையாட்டுத் திடல்கள் வந்தன. பந்தயத்தின் நினைவாக ரேஸ் கோர்ஸ் சாலையின் பெயர்தான் எஞ்சியிருக்கிறது. காற்பந்து ஆடிய இடம் என்றதும் எனக்குக் கோவிந்தசாமி சுப்பையா நினைவுக்கு வந்தார். உலகக் கிண்ண ஆட்டமொன்றை நடத்திய முதல் சிங்கப்பூர் நடுவர் அவர். வகுப்பில் கேட்டுப் பாருங்கள்; ஆட்டக்காரர் பெயர்களை மாணவர் அடுக்குவர், சுப்பையாவை அறியார். (நடுவர் பெயர் நினைவில் நிற்காததே நல்ல நடுவருக்கு அடையாளம் என்பாரும் உண்டு!)

1974 ஜூன் 19, மியூனிக் ஒலிம்பிக் அரங்கு. போலந்தும் ஹைத்தியும் மோதின. முற்பாதியிலேயே 5 கோல்கள்; முடிவில் 7-0. எளிதான ஆட்டம்தானே என்று தோன்றலாம். நான் அவ்வாறு எண்ணவில்லை. முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்கு வந்த ஹைத்தி வீரனை யாரேனும் தள்ளிவிட்டால், 7 கோல் வாங்கிய பின்னும் அவனுக்கு ஊதல் ஒலித்தாக வேண்டும். தோற்பவன்பால் கவனம் குறையாதிருப்பது கடினம். போட்டியில் இருபதாவதாக வந்து திக்கித் திணறும் குழந்தையின் கதையை நாம் முழுமனத்தோடு கேட்கிறோமா?

சுப்பையாவுக்குப் பின் 32 ஆண்டுகள் கழித்து, 2006இல் ஷம்சுல் மைதின் உலகக் கிண்ணத்தில் 3 ஆட்டங்களை நடத்தினார்.

இனி என் கதை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியில் நானும் நடுவர். 3 நிமிடத்தைத் தாண்டினால் 2 மதிப்பெண் குறைப்பு. முடிவு அறிவித்ததும் ஒரு தாயார் வந்து, "நேரத்துக்குள்தானே முடித்தாள், டீச்சர்?" என்றார். "நேரத்துக்காகத்தான் மதிப்பெண் குறைந்தது. நடுவர்களின் தீர்ப்பே இறுதியானது" என்று விதிமுறைத் தாளில் இருந்ததை ஒப்பித்தேன். வீடு திரும்பும்போது ரயிலில் தாளைப் பிரித்தேன். எட்டாம் எண்ணுக்குக் குறைக்க வேண்டியதை ஏழாம் எண்ணுக்குக் குறைத்திருந்தேன். அவளுக்கு உரிய இரண்டாம் பரிசு கைமாறிவிட்டது.

காற்பந்து விதிப்படி, நடுவர் தம் தவற்றை உணர்ந்தால், ஆட்டம் மீண்டும் தொடங்குமுன் தீர்ப்பை மாற்றலாம்; தொடங்கிவிட்டால் இயலாது. ஏற்பாட்டாளரும் ஏறத்தாழ அதையே சொன்னார்: "பரிசு கொடுத்தாகிவிட்டது, விட்டுவிடுங்கள்." களத்தில் அவ்விதி இல்லாமல் ஆட்டமே நடவாது. ஆனால் பள்ளி களமன்று என்றே எனக்குப் பட்டது. தாயாரை அழைத்து உண்மையைச் சொன்னேன். நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "பிள்ளையிடம் நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

மறுவாரம் சென்றேன். தொடக்கநிலை நான்கு மாணவி. நான் சொல்லி முடிக்கும்வரை அமைதியாகக் கேட்டாள். பின்னர், "அன்றிலிருந்து வேகமாகச் சொல்லித்தான் பழகுகிறேன், டீச்சர். இனிப் பழையபடி மெதுவாகச் சொல்லலாமா?" என்றாள்.